மின்னல் பிடிக்க வாங்கிய கைபேசி: காரைக்குடி மொட்டைமாடியில் பதினான்கு மாதம்

கைபேசிக் கேமராவைப் பற்றிய மதிப்புரைகளில் கல்யாண வீடு வரும், சாப்பாட்டுத் தட்டு வரும், சிரித்த முகம் வரும், மேகம் வருவதில்லை. நான் இந்தக் கைபேசியைச் சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் காரைக்குடிக் கடையொன்றில் 28,000 ரூபாய் கொடுத்து வாங்கியதே இடிமேகங்களைப் படம் எடுப்பதற்காகத்தான் என்பதால், இந்த மதிப்புரையும் அந்த ஒரு பயன்பாட்டோடு நின்றுகொள்ளும். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஏறத்தாழ இதே விலையுள்ள வேறு மூன்று கைபேசிகளை நண்பர்களிடம் இரவல் வாங்கி, அதே மாடியில் அதே வானத்தைப் பார்த்து எடுத்துப் பார்த்தேன். கீழே சொல்லப்போகும் குணங்களும் குறைகளும் நான்கிலும் கூடக்குறைய இருக்கவே செய்தன. ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. 50 மெகாபிக்சல் முதன்மைக் கேமரா, பக்கத்தில் ஓர் அகலக்கோணக் கேமரா, இரவுப் பயன்முறை, எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ளும் 'ப்ரோ' பயன்முறை, பதப்படுத்தாத 'ரா' கோப்பு வசதி ஆகியவை இதில் உண்டு.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து மேற்கே குன்றக்குடித் திசை தடையில்லாமல் தெரியும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, பிற்பகலில் மேற்கே மேகம் திரண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு இடியோடு வந்து சேர்வது இங்கே வழக்கம். ஐப்பசியில் பருவம் திரும்பியபின் மேகம் கிழக்கிலிருந்து வரும். மழைமானி வைத்து அளந்து குறித்துக்கொள்ளும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு, அவர்களுக்கு ஒரு படத்தை அனுப்பினால் முதலில் வரும் கேள்வி, "இது வானத்தில் இருந்ததா, கேமராவில் இருந்ததா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல இந்தக் கருவி எவ்வளவு தூரம் உதவுகிறது, எவ்வளவு தூரம் குழப்புகிறது என்பதே என்னுடைய அளவுகோல்.

வாங்கிய மூன்றாவது வாரத்தில் எடுத்த ஒரு காணொளியிலிருந்து தொடங்குகிறேன். மின்னல் வெட்டிய கணத்தில் நிறுத்திப் பார்த்தபோது, படத்தின் கீழ்ப்பாதி பகல்போல் வெளுத்தும் மேற்பாதி இருண்டும், இரண்டுக்கும் நடுவே அடிக்கோல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு நேர்கோடும் இருந்தன. மேகத்தின் அடித்தளம் இத்தனை நேராக அமைந்திருக்கிறதே என்று வியந்து, குறிப்பேட்டில் அப்படியே எழுதியும் வைத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் காட்டியபோது, "என்ன தம்பி, கத்தரிக்கோல் வச்சு வெட்டுனாப்புல இருக்கு?" என்றார்கள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்துவிட்டு, "எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியும்ல பாதியா வெட்டுப்பட்டிருக்கு" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடிமேல் நின்ற அந்தக் கறுப்புத் தொட்டியின் அடிப்பாகம் வெளிச்சத்திலும் தலைப்பாகம் இருட்டிலும் இருந்தன. மேகத்தின் விளிம்பு தொட்டியை வெட்டிக்கொண்டு போக வழியில்லை.

நடந்தது இதுதான். கைபேசிக் கேமராவில் ஒளியை வாங்கும் உணரி (சென்சார்) ஒரு காட்சியை ஒரே நொடிப்பில் விழுங்குவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்துச் செல்கிறது. காணொளியில் நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) என்றால் ஒவ்வொன்றுக்கும் நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் கிடைக்கிறது. மின்னலின் ஒரு வீச்சு அதைவிடப் பலமடங்கு குறுகியது. ஆயிரத்தில் ஒரு நொடிகூட முழுதாக நீடிப்பதில்லை. வீச்சு நிகழும் கணத்தில் மேல்வரிகள் அடுத்த சட்டகத்துக்கு நகர்ந்துவிட்டிருக்க, கீழ்வரிகள் இன்னும் பழைய சட்டகத்திலேயே ஒளியை வாங்கிக்கொண்டிருக்கின்றன. ஆகவே முதல் சட்டகத்தில் கீழ்ப்பாதி வெளுக்கும். அதற்கடுத்த சட்டகத்தில் மேற்பாதி வெளுக்கும். என் காணொளியில் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்த்தேன். இரண்டையும் ஒட்டினால் முழு வானமும் பழுதில்லாமல் கிடைத்தது. ஐயம் மிச்சமிருந்ததால் மறுநாள் இரவு கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தேன். கோடு செங்குத்தாக நின்றது. கைபேசியைத் திருப்பினால் கூடவே திரும்புகிற எதுவும் வானத்துக்குச் சொந்தமானதல்ல என்பதை அன்றைக்கே குறிப்பேட்டின் உள்ளட்டையில் எழுதிக்கொண்டேன்.

இந்தக் குறைக்கு அமைப்புகளில் மருந்து கிடையாது. காணொளியிலிருந்து மின்னல் படத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணி வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். 'ப்ரோ' பயன்முறையில் திறப்பு நேரத்தை 4 நொடியாகவும் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 50 ஆகவும் வைத்து, ஃபோகஸைத் தொலைவில் நிறுத்தி, தாங்கியில் பொருத்தி எடுத்தால் எல்லா வரிகளும் திறந்திருக்கும்போதே மின்னல் வந்து போய்விடுவதால் கொடிமின்னல் வேரும் விழுதுமாக முழுமையாகப் பதிகிறது. இந்த விலையில் அதை எதிர்பார்க்கவில்லை. என் முழு மதிப்பெண் இதற்குத்தான்.

தாங்கி இல்லாமல் கையில் பிடித்து எடுத்த படங்களால் வேறொரு வம்பு வந்தது. ஒரு படத்தில் ஒரே மின்னல் நான்கு இணைகோடுகளாக, தறியில் பாவு நூல் ஓடினாற்போல் நெருங்கி நின்றது. நாடா மின்னல் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. ஒரே தடத்தில் அடுத்தடுத்து மூன்று, நான்கு வீச்சுகள் பாய்வது மின்னலின் இயல்பு. அவற்றின் இடைவெளியில் பலத்த காற்று அந்தத் தடத்தைச் சற்றே தள்ளிவிட்டால் ஒவ்வொரு வீச்சும் தனித்தனி இழையாகத் தெரியும். என்னுடையதும் அதுவோ என்ற ஆசையோடு படத்தைப் பெரிதாக்கி, தெருமுனை விளக்கைப் பார்த்தேன். விளக்கும் அதே திசையில், அதே நீளத்துக்குக் கோடாக இழுபட்டிருந்தது. ஆடியது என் கை. விளக்கு புள்ளியாகவே நின்று மின்னல் மட்டும் இழையிழையாகப் பிரிந்திருக்கும் படம் இந்தப் பதினான்கு மாதத்தில் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இனி, நான் வெட்கப்படவேண்டிய கதை. செப்டம்பர் கடைசியில் ஓரிரவு, மேற்கே மின்னிக்கொண்டிருந்த மேகத்தின் நடுவில் எலுமிச்சம்பழம்போல் ஒரு பச்சை உருண்டை பதிந்திருந்தது. நெருப்புக்கோள மின்னல் கிடைத்துவிட்டது என்ற பரவசத்தில் இரவோடிரவாக எல்லாருக்கும் அனுப்பிவைத்தேன். காலையில் நண்பர் ஒருவர் அதே படத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் கிழித்து நடுப்புள்ளியைக் குறித்து, இடது மேல்பக்கத்தில் எரிந்த தெருவிளக்கிலிருந்து அந்தப் புள்ளி வழியாக மூன்றாவதாக ஒரு கோடும் இழுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். கோடு பச்சை உருண்டையின் நெஞ்சில் போய்க் குத்தியது. நடுப்புள்ளியிலிருந்து விளக்குக்கு எவ்வளவு தொலைவோ, உருண்டைக்கும் ஏறத்தாழ அவ்வளவே. விளக்கொளி உள்ளே போய், உணரியின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்து, வில்லைகளில் மோதித் திரும்பி வந்து தன் பேயுருவைத் தலைகீழாகப் பதித்துவிட்டுப் போயிருக்கிறது. பிரகாசமான விளக்கு சட்டகத்துக்குள் இருந்தால் இந்த ஆவி வராத கைபேசியை நான் இன்னும் பார்க்கவில்லை. எடுக்கும்போதே கண்டுகொள்ளும் வழி எளிது: விளக்கை உள்ளங்கையால் மறைத்தால் உருண்டையும் மறைந்துபோகும், கைபேசியை நகர்த்தினால் திரையில் விளக்கு ஒரு பக்கமும் உருண்டை எதிர்ப்பக்கமும் ஓடும். ஆனால் ஓரங்களை வெட்டிச் சுருக்கிய படத்தில் நடுப்புள்ளி தொலைந்துவிடுவதால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் எங்களில் யாரும் வெட்டிய படத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

என் படத்தில் அந்தப் பச்சை உருண்டைக்கு அருகே மங்கலாக இன்னும் இரண்டு இருந்தன. அவற்றுக்குக் காரணம் கடைத் தம்பி. வாங்கிய அன்றே, கீறல் விழாமலிருக்க நல்லது அண்ணே என்று சொல்லி, 150 ரூபாய்க்குக் கேமராவின்மேல் ஒரு கண்ணாடித் தகட்டை ஒட்டிக் கொடுத்திருந்தார். அந்தத் தகடு ஒளி தெறிப்பதற்கு இன்னும் இரண்டு பரப்புகளைக் கூட்டிவிட்டது. போதாததற்கு, சாரல் அடித்தால் ஈரம் தகட்டின் ஓரத்தில் இறங்கி நின்றுகொள்ளும். நகத்தால் பெயர்த்து எடுத்தேன். உபரி உருண்டைகள் இரண்டும் போய்விட்டன. முதல் உருண்டை இருக்கிறது, அது பிறவிக்குணம்.

வில்லையில் விரல் எண்ணெய் படிந்திருந்தால் வரும் கோளாறு வேறு வகை. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரே சாய்வில் ஒளிக்கீற்று நீளும். அந்திச் சூரியன் மேகத்தின் பின்னால் இருந்தால் அது கதிர்விரிப்புபோலவே அழகாகத் தெரிந்து தொலைக்கும். உண்மையான கதிர்கள் சூரியன் இருக்கும் புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் விசிறிபோல் விரியும், மேகத்தின் இடுக்குகளோடு பொருந்தும். எண்ணெய்க் கீற்றுக்கு மேகத்தைப் பற்றிக் கவலையில்லை.

அடுத்ததைக் கைபேசியின் கோளாறு என்று சொல்வதா, அதன் சாமர்த்தியம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. சாதாரணப் பயன்முறையில் ஒரு முறை அழுத்தினால் இது பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலக்கிறது. இருளைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி, ஒவ்வொரு பகுதியிலும் ஒளிவேறுபாட்டைக் கூட்டுகிறது. முகத்துக்கு நல்லது. மேகத்துக்கு, குறிப்பாக மழைமேகத்தின் அடிப்பரப்புக்கு, இது உப்பில்லாத குழம்பில் ஊறுகாயைக் கரைத்த கதைதான். இடிமேகத்தின் விரிந்த தலைக்குக் கீழே பசுவின் மடிபோல் தொங்கும் மம்மட்டஸ் மேகங்களை ஜூன் மாதத்தில் ஒருநாள் எடுத்தேன். திரையில் பார்த்தால் அச்சமூட்டும் ஆழத்தோடு கறுத்துத் தொங்கின. அதே நிமிடத்தில் எடுத்த 'ரா' கோப்பைக் கணினியில் திறந்தபோது மடிகள் இருக்கத்தான் செய்தன, எண்ணிக்கையும் சரியாகவே இருந்தது; ஆனால் என் கண் கண்டதுபோல் வெளிறிய சாம்பல் நிறத்தில், மெல்லிய நிழலோடு. இல்லாததைக் கைபேசி படைத்துவிடவில்லை. இருந்ததைக் கூட்டிச் சொல்லியிருந்தது. ஒரு மேகத்தின் வகையைச் சொல்ல அந்தப் படம் போதும், கடுமையைச் சொல்லப் போதாது.

அதே படத்தில் தென்னையின் கருநிழலைச் சுற்றி ஒரு வெள்ளை ஓரம் ஓடியது. இரண்டு பேர் அதைத் தொலைவில் மழை விட்டு வெளுக்கும் வானம் என்று வாசித்தார்கள். மழைக்கால் இறங்குகிற இடத்துக்கும் இறங்காத இடத்துக்கும் நடுவே அப்படியொரு வெளிச்சம் உண்மையில் தெரிவதும் உண்டு. ஆனால் அது தொடுவானத்தை ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கும். கீற்றுக்குக் கீற்று மரத்தைச் சுற்றி வளைந்து வராது.

அகலக்கோணக் கேமராவைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். மழைக்கு முன்னே பாய்ந்து வரும் குளிர்காற்று, தரையை ஒட்டிய ஈரமான வெப்பக்காற்றை மேலே நெம்பித் தள்ளும்போது, மேகத்தின் முகப்பில் தாழ்வாரம் இறக்கினாற்போல் ஓர் அடுக்கு உருவாகிறது. ஆர்கஸ் என்று மேகப்பட்டியலில் பெயர். செட்டிநாட்டுச் சமவெளியில் இதைப் பார்க்க மாடி ஒன்று போதும். அகலக்கோணத்தில் எடுத்தால் எந்த நேரான மேகவிளிம்பும் வில்லாக வளைந்து, ஆர்கஸ் அல்லாததும் ஆர்கஸ்போல் தோன்றும்; அகண்ட காட்சிக்காகக் கைபேசியைச் சுழற்றி எடுத்தால் இன்னும் மோசம். நான் வேண்டுமென்றே மாடியின் கைப்பிடிச் சுவரையும் சட்டகத்தில் சேர்த்துக்கொள்கிறேன். கொத்தனார் நூல் பிடித்துக் கட்டிய சுவர் அது. சுவர் வளைந்திருந்தால் மேகத்தின் வளைவிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளவேண்டும். படத்துக்கு வெளியே உள்ள சாட்சியம் இதைவிடப் பெரியது: ஆர்கஸ் தலைக்கு மேல் கடக்கும்போது சட்டென்று குளிர்ந்த காற்று அடிக்கும், தெருவில் புழுதி எழும். காற்று மாறிய நேரத்தைக் குறித்துக்கொண்டால் படத்தின் நேரத்தோடு ஒப்பிடலாம். மழைமேகங்களைக் கண்காணிக்கும் காரைக்கால் டாப்ளர் ரேடாரின் படத்தில் அதே நேரத்தில் மழைத்திரள் எங்கே நின்றது என்றும் பார்த்துக்கொள்வேன்.

சில்லறைத் தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுநேரத் திறப்பில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் வரும். துணியால் மூடி ஒரு படம் எடுத்தால் அதே இடத்தில் அதே புள்ளிகள் இருக்கும், விண்மீன் என்று எண்ணவேண்டாம். பிளாஷ் தானாக எரியும்படி விட்டால் அருகில் விழும் மழைத்துளிகள் வெள்ளை வட்டங்களாகவும், மழை விட்டபின் கிளம்பும் ஈசல்கள் வால் முளைத்த கோள்களாகவும் பதியும்; அதை அணைத்துவிடுங்கள். மாடியறைச் சன்னலின் பழைய வண்ணக் கண்ணாடி வழியாக எடுத்தால் உள்ளே எரியும் குழல்விளக்கு மேகத்தில் தொங்கும். வானம் பச்சையாகத் தெரிந்தால் ஆலங்கட்டி வரும் என்று பரபரக்கிறவர்கள், சட்டகத்தில் உள்ள வெள்ளைச் சுவரை முதலில் பார்க்கவேண்டும். முட்டை ஓடுபோல் பளபளக்கும் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சு இதற்கென்றே செய்ததுபோல் உதவுகிறது: சுவரும் பச்சையாக இருந்தால் அது கேமராவின் நிறக்கணக்கு. இடியும் புயலுமான நேரத்தில் அடர்ந்த மேகத்தினூடே வானம் உண்மையிலேயே பச்சை காட்டுவதும் உண்டு என்பதால், சுவர் வெள்ளையாக இருந்தால் சிரிக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

கேமராவின்மேல் பழி போட்டு உண்மையைத் தொலைத்ததும் ஒருமுறை நடந்தது. கோடையில் ஓர் அந்தியில் கிழக்கு வானத்தை எடுத்தபோது, பனையோலை விசிறியின் ஈர்க்குகள்போல் கருநீலப் பட்டைகள் தொடுவானத்தின் ஒரு புள்ளியை நோக்கிக் குவிந்தன. சூரியன் இருந்தது மேற்கே. எனவே வில்லையில் அழுக்கு என்று முடிவு கட்டிப் படத்தை அழித்தேன். இரண்டு நாள் கழித்து, கைபேசி கீழே மின்னேற்றத்தில் கிடக்க, வெறுங்கண்ணாலேயே அதைப் பார்த்தேன். மேற்கே சூரியனை மறைத்து நிற்கும் இடிமேகங்களின் நிழல்கள் வானத்தின் குறுக்கே இணையாக ஓடி, தண்டவாளம் தொலைவில் கூடுவதுபோல் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் கூடுகின்றன. ஓடிப்போய்க் கைபேசியை எடுத்துவந்து பல கோணத்தில் திருப்பிப் பார்த்தேன். பட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இப்படி ஒதுக்கப்பட்டு, பிறகு மெய்யானவை வேறும் உண்டு. இடிமேகங்களுக்கு மேலே, வெகு உயரத்தில் செந்நிற ஒளிப்பிழம்பு தெரிவதாக விமானிகள் சொன்னதை நெடுங்காலம் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1989 ஜூலையில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் மங்கலொளிக் காணொளிக் கேமரா ஒன்றைச் சோதித்தபோது அது தற்செயலாகப் பதிந்தது. இப்போது அதற்கு ஸ்பிரைட் என்று பெயர். அலைபுரளும் கடலை அடியிலிருந்து பார்ப்பதுபோன்ற ஆஸ்பெரிட்டாஸ் மேகம் உலக வானிலை அமைப்பின் மேகப்பட்டியலில் 2017இல்தான் இடம்பெற்றது.

நிலவைச் சுற்றிய வட்டத்துக்கும் இதே சோதனை உண்டு. 'அகல்வட்டம் பகல்மழை' என்று நம் பெரியவர்கள் சொன்ன அந்தப் பெரிய வட்டம் உயர்ந்த மேகத்தின் பனிப்படிகங்களால் உண்டாவது. நிலவிலிருந்து 22 பாகைத் தொலைவில் நிற்கும். கையை நீட்டிப் பிடித்து, கட்டைவிரலை நிலவில் வைத்தால் சுண்டுவிரல் நுனி ஏறத்தாழ வட்டத்தைத் தொடும், ஒரு சாண். வில்லையில் படிந்த ஆவியால் வரும் வட்டத்துக்கு அப்படி நிலைத்த அளவு கிடையாது, துடைத்தால் போய்விடும்.

அனுப்பும் விஷயத்தில் கைபேசியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, குறை நம்மிடம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, மங்கலான வானத்தில் கட்டம் கட்டமாகத் திட்டுகள் தோன்றி, எடுத்த நேரமும் அமைப்புகளும் அழிந்துபோகின்றன. மெல்லிய மேகப்படலம் படிக்கட்டுபோல் பிரிந்து தெரிவதற்குப் பலமுறை இதுவே காரணம். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் முழுதாகப் போய்ச்சேரும்.

பதினான்கு மாதத்தில் மின்கலம் சற்றுத் தளர்ந்திருக்கிறது. தொடர்ந்து ஒரு மணி நேரம் நெடுநேரத் திறப்பில் வைத்தால் நன்றாகச் சூடேறுகிறது. சாரலைத் தாங்குகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குக் குறைந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அப்போது கைபேசியை மாடியறைச் சன்னலில் மணல்பையின்மேல் வைத்துவிட்டு நான் கீழே இறங்கிவிடுகிறேன். இடைவெளி வைத்துத் தானாகத் தொடர்ந்து எடுக்கும் வசதி இதில் இருப்பது அந்த நேரத்தில்தான் அருமையாகத் தெரிகிறது. அகலக்கோணக் கேமராவும் இரவுப் பயன்முறையும் இந்த வேலைக்குப் பயனில்லை. பின்னது பல படங்களைக் கலக்கும்போது மின்னலை மங்கவைத்துவிடுகிறது. 'ப்ரோ' பயன்முறையும் 'ரா' கோப்பும் இல்லாத கைபேசியை மேகத்துக்காக வாங்கவே வேண்டாம். இவை இரண்டுக்காக மட்டும் என்றால் இதற்கு 28,000 கொடுக்கலாம், கூடவே ஒரு நல்ல தாங்கிக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிக்கொள்ளவும். கடையில் கேமராவுக்குக் கண்ணாடித் தகடு ஒட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.